தண்ணீருக்கும் ஒரு வலயம் வேண்டும்

'வலயம்' என்ற சொல் தெல்லிப்பழைப் பகுதி மக்களின் காதில் இனிமையாக ஒலிப்பதில்லை. 1990 ஜூன் மாதம் வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறிய பின்னர், அவர்கள் விட்டுவந்த ஊர்களுக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் வந்து சேர்ந்தது. அதன் எல்லைக் கோடு யாருடைய வளவை ஊடறுத்துச் செல்கிறது, யாருடைய கிணறு உள்ளே போகிறது, யாருடைய கிணறு வெளியே நிற்கிறது என்று எந்தக் காணிக்காரரிடமும் எவரும் கேட்கவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கிலும் அதனை அடுத்த பகுதியிலுமாக 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, மக்கள் தங்கள் உறுதிகளை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறினார்கள். அந்நிலத்தின் பெரும்பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டுவிட்டது. ஒரு பகுதி இன்னமும் விடுவிக்கப்படவில்லை.

ஆகவே, அதே மண்ணில் இன்னொரு வலயம் வேண்டும் என்று எழுதத் துணிபவன் மிகுந்த தயக்கத்தோடுதான் எழுதவேண்டியிருக்கிறது. எனினும் எழுதியே ஆகவேண்டும். ஏனெனில் இம்முறை நாம் கேட்பது தண்ணீருக்கான வலயம். அதனைக் குறிப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் நீண்ட காலம் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தண்ணீர்க் கதையைப் பள்ளிப் பாடமாக நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படித்ததை மறந்தும் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கு இல்லை. மலை இல்லை. குடாநாட்டின் மிக உயர்ந்த மேட்டுநிலமும் ஒரு பனையின் உயரத்தைத் தாண்டாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான முதல். அந்த மழை செம்மண்ணில் விழுந்து, அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, கடல் நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. நாம் துலா மிதித்ததும், பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் பூட்டியதும் இந்த வில்லையில்தான்.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். நன்னீரும் உப்புநீரும் கொண்டுள்ள அடர்த்தி வேறுபாட்டினால் வருகின்ற கணக்கு இது. இதை மறுபுறமாகப் படித்தால்தான் ஆபத்துப் புரியும். மேலே ஓர் அடி நீர் நிரந்தரமாகக் குறைந்தால், கீழே உப்புநீர் 40 அடி மேலேறி வரக்கூடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த உண்மையின் கண்கண்ட சாட்சி. கீரிமலையில் கடலின் விளிம்பில் நன்னீர் ஊற்றெடுப்பது அதே உண்மையின் மறுபக்கம். நிலத்தின் உள்ளே விழுந்த மழை குகைவழி நடந்து கடலைத் தேடிப் போகும் பாதை அது.

இனி இன்னொரு சிறு கணக்கு. குடாநாட்டில் ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது. ஒரு பரப்புக் காணி என்பது ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு. அந்த ஒரு பரப்பின்மேல் ஓராண்டில் விழும் மழை மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல் வருகிறது. எல்லாமே நிலத்தடிக்குப் போவதில்லை. ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி பயிர் குடிக்கிறது, ஒரு பகுதி ஓடிவிடுகிறது. ஆனால் அந்தப் பரப்பை வீடும், சீமெந்து முற்றமும், கல் பதித்த வாசலும், நான்கு பக்க மதிலும் மூடிவிட்டால், உள்ளே இறங்கவேண்டிய பங்கும் வீதிக்கு ஓடுகிறது. வீதியில் அது வெள்ளம் என்று பெயர் பெறுகிறது. பங்குனி பிறந்ததும் அதே ஊரில் கிணறு வற்றிவிட்டது என்று முறையிடுகிறோம். கார்த்திகை வெள்ளமும் பங்குனி வறட்சியும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

இந்தக் கதையில் தெல்லிப்பழைக்குத் தனியான இடம் உண்டு. குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்லத்தக்கதாக இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். மாரியில் மட்டும் ஓடுவது. வெளியூர் நண்பர்கள் கண்டால் இதையா ஆறு என்கிறீர்கள் என்று சிரிக்கவும் கூடும். ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு தெல்லிப்பழைப் பகுதியில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கமாகத் தென்மேற்கே சென்று, அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. வழியில் குளங்களை நிரப்புகிறது. வயல்களுக்கு ஈரம் கொடுக்கிறது. நிரப்பியது போக எஞ்சியதையே கடலுக்கு விடுகிறது. உப்புநீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுப்பதற்கு அராலியில் தடுப்பணையும் உண்டு. வலிகாமத்தின் கிணறுகளுக்கு மாரி மழையை மெல்ல மெல்லப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையை இந்த ஆறும் அதன் குளங்களும் பன்னெடுங்காலமாகச் சம்பளமின்றிச் செய்து வந்திருக்கின்றன.

கோடையில் பார்த்தால் இந்த ஆறு வெறும் பள்ளம். இதுதான் அதற்கு வந்த ஆபத்தின் தொடக்கம். பள்ளக் காணி மலிவு. வாங்கியவர் நாலு லோட் கல்லும் மண்ணும் பறித்து மேடாக்குகிறார். மதில் எழுப்புகிறார். அவரது மதில் மறித்த நீர் அயலவர் முற்றத்தில் ஏறுகிறது. அயலவரும் தன் வளவை உயர்த்துகிறார். இப்படியே ஒவ்வொருவராக உயர்த்த, கடைசியில் உயர்த்துவதற்குப் பணமில்லாதவர் வீட்டில் வெள்ளம் நிற்கிறது. நிஷா புயல் வந்த 2008 நவம்பரிலும், பின்னர் 2024 நவம்பரிலும் குடாநாட்டில் நாம் கண்ட வெள்ளத்துக்கு வானத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. வழியில் நாம் குடியிருந்தோம்.

நிலத்துக்கு நாம் செய்த இன்னொரு காயம் காங்கேசன்துறைப் பக்கம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின்னர் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் காலத்தில், 1950இல் அங்கு சீமெந்துத் தொழிற்சாலை தோன்றியது. பல ஆயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் சீமெந்துக்காக அகழப்பட்ட சுண்ணாம்புக்கல், எமது நீர்த்தொட்டியின் சுவரும் தளமும் ஆகும். வேறு நாடுகளில் சுண்ணாம்புக்கல் வெறும் கனிப்பொருள். எங்களுக்கு அது நீர்த்தாங்கி. 1990இல் போர் காரணமாகத் தொழிற்சாலை நின்றது, குழிகள் நிற்கின்றன. அகழ்ந்த கல்லை எந்தக் காலத்திலும் திருப்பி வைக்க இயலாது.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதவேண்டும்? காலம் அப்படி வந்திருக்கிறது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு மீண்டும் ரயில் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. 2025இல் அரசாங்கம் வடக்கில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைப்பது பற்றி அறிவித்தது. மீள்குடியேறிய குடும்பங்கள் வீடு கட்டுகின்றன. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோரின் காணியில் மாடி எழுப்புகிறார்கள். இவை எல்லாமே நாம் மூன்று தசாப்தங்களாக வேண்டி நின்றவை. வரட்டும், வரவேற்போம். ஆனால் ரயிலும் விமானமும் கப்பலும் வந்து சேரும் ஓர் ஊரில் காணி விலை ஏறும். விலை ஏறிய ஊரில் பள்ளமும் குளக்கரையும் வெற்றுநிலமாகத்தான் தெரியும். எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்ற கோடு, கட்டடங்கள் எழும்புவதற்கு முன்னர் வரையப்படவேண்டும். எழும்பிய பின்னர் வரையும் கோடு இடிப்பில் முடியும், அல்லது இலஞ்சத்தில் முடியும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் திருத்தப்பட்டபோது, ஒரு பிரதேசத்தைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. கொழும்பை அண்டிய தலங்கமக் குளமும் அதன் சுற்றுப்புறமும் 2007இல் அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டன. பொல்கொட ஏரியும், கண்டியின் ஹந்தான மலைத்தொடரும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. தலங்கமக் குளத்துக்குக் கிடைத்த காவல் வழுக்கையாற்றுக்கு ஏன் கிடைக்கக்கூடாது? கடற்கரையைப் பொறுத்தவரை, 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தை வகுத்திருக்கிறது. கீரிமலைக் கேணியின் கடற்பக்கத்தை அந்தச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் கேணிக்குத் தண்ணீரை அனுப்பும் நிலம் 300 மீற்றருக்கு அப்பால் இருக்கிறதே, அதை யார் பார்ப்பது?

அதிகாரம் பலரிடம் சிதறிக் கிடப்பதே இங்குள்ள முதன்மையான நோய். வழுக்கையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தெல்லிப்பழையும் அளவெட்டியும் வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்குள் வருகின்றன. கந்தரோடை வலிகாமம் தெற்கு. சண்டிலிப்பாயும் நவாலியும் வலிகாமம் தென்மேற்கு. அராலி வலிகாமம் மேற்கு. ஒரே ஆறு, நான்கு பிரதேச சபைகள். இவற்றுக்கு மேலே கமநல சேவைகள், நீர்ப்பாசனம், நகர அபிவிருத்தி அதிகார சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு. கட்டட அனுமதி கேட்டு ஒருவர் பிரதேச சபைக்குப் போகும்போது அவருடைய இரண்டு பரப்புக் காணியின் வரைபடம் மட்டுமே மேசையில் விரிகிறது. 16 கிலோமீற்றர் ஆறு அந்த மேசையில் இல்லை. பல நூறு சிறு அனுமதிகள், ஒவ்வொன்றும் சட்டப்படி சரியானவை, சேர்ந்து ஓர் ஆற்றைக் கொல்கின்றன.

காவல் இல்லாத நீர் என்னவாகும் என்பதை அறிய நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. தெல்லிப்பழைக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் சுன்னாகம் இருக்கிறது. அனல் மின் நிலையத்திலிருந்து கசிந்த கழிவு எண்ணெய் அயலிலுள்ள கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்கவேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என நீதிமன்றம் பணித்தது. இந்நாட்டின் சுற்றாடல் சட்ட வரலாற்றில் முக்கியமான தீர்ப்பு அது. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது அதில் எண்ணெய் மணக்கிறதா என்று முகர்ந்து பார்த்த காலத்துக்கு எந்த நீதிமன்றத்தாலும் ஈடு செய்ய இயலாது. வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லில் ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் எழும். அதனால்தான் பாதுகாப்பு முன்கூட்டியே வேண்டும் என்கிறோம்.

இதனை உலகம் எப்படிச் செய்கிறது? ஜேர்மனியில் வாழும் எம்மவர்கள் வீதியோரத்தில் 'நீர்ப் பாதுகாப்புப் பிரதேசம்' என்ற நீலநிறப் பலகையைக் கண்டிருப்பார்கள். அங்கு குடிநீர்க் கிணற்றைச் சுற்றி மூன்று வளையங்கள் வகுக்கப்படுகின்றன. கிணற்றை ஒட்டிய முதல் வளையத்தில் எதுவும் செய்யலாகாது. நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய 50 நாள் எடுக்கும் தூரம் வரை இரண்டாவது வளையம். கிருமிகள் அந்தக் கால இடைவெளியில் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பது கணக்கு. அதற்கப்பால், நீரைத் தரும் நிலம் முழுவதும் மூன்றாவது வளையம். அங்கு மக்கள் வாழலாம், பயிரிடலாம். நஞ்சை மட்டும் கொட்டமுடியாது. வளையத்துக்கு வளையம் கட்டுப்பாடு தளர்கிறது. சுண்ணாம்புக்கல்லில் நீர் மிக வேகமாக ஓடும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே இங்கு கொண்டுவர இயலாது. முறையைக் கற்கலாம், அளவை எமது நிலத்தைப் பார்த்து எடுக்கவேண்டும்.

தமிழ்நாட்டிலும் பாடம் உண்டு. சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தபோது, திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையோரமாக உள்ள மணற்பகுதியை நிலத்தடி நீர் ஊறும் பகுதியாகக் குறித்து, அங்கு கட்டட நெருக்கத்துக்கு வரம்பு வைத்தது. அது நல்ல பாடம். அதே நகரின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கெட்ட பாடம். குப்பை மேடும் குடியிருப்பும் அலுவலகக் கோபுரங்களும் தின்றது போக, பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எஞ்சியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை அதற்கு வட்டியோடு விலை செலுத்தியது. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பத்தில் ஒன்பது போனபின் கிடைத்த கௌரவம் அது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, வலுவானது. 'முப்பது வருடம் முகாமிலும் வாடகை வீட்டிலும் கிடந்துவிட்டு, இப்போதுதான் என் காணிக்கு வந்திருக்கிறேன். இங்கும் கட்டக்கூடாது என்கிறீர்களா?' இந்தக் கேள்விக்கு முன்னால் தலைகுனியாத எவனும் இந்த விடயத்தில் வாய் திறக்கத் தகுதியற்றவன். அதற்கு எமது பதில் இதுதான்: காணி உங்களுடையது, உறுதி உங்களுடையது, அது மாறக்கூடாது. தோட்டம் செய்யலாம், வயல் செய்யலாம், பனையும் தென்னையும் வைக்கலாம். பள்ளத்தை நிரவுவதும், நீரோட்டத்தை மறித்து மதில் எழுப்புவதும் மட்டும் கூடாது. காணி முழுவதுமே ஆற்றுப் பள்ளத்துக்குள் அகப்பட்டு, வீடு கட்ட வேறு இடமில்லாதவருக்கு, மேட்டில் மாற்றுக்காணியோ நட்டஈடோ அரசு கொடுத்தே ஆகவேண்டும். ஊருக்குத் தண்ணீர் காக்கும் செலவை ஓர் ஏழையின் தலையில் சுமத்துவது நீதியாகாது.

இரண்டாவது எதிர்வாதம் அச்சத்திலிருந்து வருகிறது. காடு என்றும் தொல்லியல் என்றும் வனவிலங்கு என்றும் வர்த்தமானி அறிவித்தல்கள் மூலம் வடக்கு கிழக்கில் காணிகள் கைமாறிய அனுபவம் எமக்கு உண்டு. தண்ணீரின் பெயரால் இன்னொரு பறிப்பு நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? நியாயமான அச்சம். அதனால்தான் இந்தக் கோட்டைக் கொழும்பிலிருந்து வரையவிடக்கூடாது என்கிறோம். நான்கு பிரதேச சபைகளும் ஒன்றாக அமர்ந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறையினரையும் கமக்காரர் அமைப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையவேண்டும். மாரியில் தண்ணீர் எங்கே நின்றது, எந்த மதகால் போனது என்பதை ஊரிலுள்ள முதியவர்களைக் கேட்டுக் குறிக்கவேண்டும். வரைபடம் தமிழில் அச்சிடப்பட்டு, ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் தொங்கவேண்டும். ஆட்சேபம் சொல்வதற்குக் காலம் கொடுக்கவேண்டும். இதற்குப் பிறகே வர்த்தமானி. நாமே கோடு வரையாவிட்டால், ஒருநாள் எமக்காக இன்னொருவர் வரைவார். அவர் எப்படி வரைவார் என்பதை 1990 முதல் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, 'இனிக் குழாய்நீர் வருகிறதே, கிணறு எதற்கு?' என்பது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்லது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த நீரில் குடிக்கலாம், சமைக்கலாம். வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் வாழையும் அந்த நீரில் விளையமாட்டா. மின்சாரத்தைத் தின்று வரும் நீர் அது. மழை இலவசமாகத் தந்ததைப் பாழாக்கிவிட்டு, கடலிலிருந்து விலைக்கு வாங்குவதை எந்தக் கமக்காரனும் கெட்டித்தனம் என்று சொல்லமாட்டான்.

உண்மையில் நாம் கேட்பது புதியதொன்றும் அல்ல. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய காணி உறுதி இருந்தால் எடுத்து வாசித்துப் பாருங்கள். நிலத்தின் அளவும் எல்லையும் சொல்லியபின், கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். நிலத்தைப் பங்கிட்ட எமது முன்னோர் தண்ணீரைத் துண்டாடவில்லை. ஒரு கிணற்றை நாலு குடும்பத்துக்குப் பொதுவாக வைத்து, முறை வைத்து இறைத்தார்கள். தண்ணீர் போகும் வழியை மறிப்பது அயலவருக்குச் செய்யும் அநியாயம் என்பதை அவர்களுக்கு எந்த அதிகார சபையும் கற்பிக்கவில்லை. உறுதியில் இருந்த அந்த ஒரு வரியை இன்று ஊர் முழுவதற்குமான விதியாக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

எம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் இதில் ஒரு குற்றப்பங்கு உண்டு. போரைப்பற்றியும் பேச்சுவார்த்தையைப்பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினோம். வெள்ளம் வந்தால் படம் போட்டோம். வெள்ளம் வடிந்தபின் ஆற்றைப்பற்றி எழுத எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்தக் கடனில் ஒரு பகுதியாகவே இதை எழுதுகிறேன்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் காணி வாங்கும்போது, கோடையில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கார்த்திகையில் ஒருமுறை பாருங்கள், அல்லது பக்கத்து வளவு முதியவரைக் கேளுங்கள். வீடு கட்டும்போது முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடாதீர்கள். மழை இறங்க இடம் விடுங்கள். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இவற்றுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. ஆற்றின் எல்லையைக் குறிப்பதற்குத்தான் சட்டம் தேவை. அதனை, இந்த மாரி வந்து தண்ணீர் தன் வழியைத் தானே காட்டும்போது, வலிகாமத்தின் நான்கு பிரதேச சபைகளும் கூடிச் சென்று முளையடித்துத் தொடங்கவேண்டும்.